அளவு நோட்டின் பின்பக்கம்

அப்பாவின் பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் வாசகசாலையில் இரங்கல் கூட்டம் வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். ரேஷன் கார்டுக்காக எப்போதோ எடுத்த படத்தில் யாரோ கம்ப்யூட்டரில் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். காலர் கழுத்தில் உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஐம்பது வருடம் ஊருக்கே சட்டை தைத்தவருக்குக் கடைசியில் கிடைத்த காலர் அது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘வீட்டை மறந்து ஊருக்கு உழைத்த உத்தமர்’.

அம்மா குடையை மடக்கிக்கொண்டே அதை வாசித்தாள்.

“வீட்டை மறந்தாராமா? நான் மறக்க விட்டால்தானே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. ஒன்பது பேர் பேசினார்கள். ஒன்பது பேரும் அந்த ஃபிளெக்ஸ் வாசகத்தையே அவரவர் குரலில் சொன்னார்கள். குடும்பத்தின் சார்பில் என்னை அழைத்தபோது நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்திருக்கிற மனிதர்களிடம் போய் வாதாட மனம் வரவில்லை. ஒரு வருடம் கழித்து இங்கே வாதாடுகிறேன்.

எங்கள் ஊர் மணக்குடிக் காயலிலிருந்து நடை தூரம். தெற்கே போனால் உப்புக்காற்று, வடக்கே திரும்பினால் வயல். 1941-ல் அப்பா பிறந்தபோது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். பாட்டா தம் பெட்டி மூடியின் உட்புறத்தில் மகன் பிறந்த வருடத்தைக் கொல்லம் 1116 என்றுதான் எழுதி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அப்பா மலையாளமும் படித்தார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானபோது அவருக்குப் பதினைந்து வயது. தமிழகத்தோடு சேரப் போராடிய தலைவர் நேசமணியின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டுக்கொண்டு நாகர்கோவில் மணிமேடை வரை நடந்தே போன கதையை எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். செருப்பு அறுந்த இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறும்.

மாநிலம் மாறிவிட்டது, ஆட்களின் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த ஆதாரங்கள் மாறவில்லை. மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வருவார்கள். “எங்கள் விளைக்குப் போகிற வழி இதில் போட்டிருக்கிறதா, பார்த்துச் சொல்லு.” அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தாய்மாமாவின் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த பையன். ஆனாலும் வாசிக்கத் தெரிந்தவன். அவருடைய பொதுவாழ்க்கை மேடையிலும் கொடியிலும் ஆரம்பிக்கவில்லை. அடுத்த வீட்டுப் பத்திரத்தை வாசித்துச் சொல்வதில் ஆரம்பித்தது. பத்திரத்தை வாசித்தவனே மனுவையும் எழுத வேண்டியதாயிற்று. மனுவை எழுதியவனே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு முக்கில் சொந்தக் கடை. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, சுவரில் நாள்காட்டி. அந்த மேசையின்மேல் பகலில் துணி, சாயங்காலத்தில் கார்பன் தாள். கார்பன் மை படிந்த விரலோடு ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையின் சட்டைத் துணியைத் தொட்டுவிட்டு, அன்று இரவே நாகர்கோவிலுக்கு ஓடி அதே துணியைச் சொந்தக் காசில் வாங்கி வந்தார். அம்மா அந்தக் காசைப் பற்றி இன்றும் பேசுவாள்.

எல்லாத் தையல் கடையிலும் ஓர் அளவு நோட்டு இருக்கும். அப்பாவுடையது கெட்டி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து அளவுகள் ஓடும். நீளம் 28, தோள் 17½, கை 9, மார்பு 38, கழுத்து 15. அருகே பெயர், சில சமயம் ஒரு குறிப்பு: ‘இடது தோள் இறக்கம்’, ‘வயிறு – சொல்லாமல் விட்டுத் தைக்கவும்’. அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறந்தால் ஊர். ‘கீழத்தெரு நாலாம் கம்பம், எரியவில்லை. சொன்னேன் 12/3. மறுபடி சொன்னேன் 19/3. எரிந்தது 2/4.’ ‘குளத்து மடைப் பலகை உளுத்துவிட்டது.’ ‘முதியோர் பென்ஷன் மனு, மூன்றாம் தடவை.’ வேலை முடிந்துவிட்டால் அந்த வரியின்மேல், துணியில் குறி போடும் அதே நீலச் சாக்கால் ஒரு கோடு இழுப்பார்.

முன்பக்கமும் பின்பக்கமும் நடுவே எங்கோ ஒரு தாளில் வந்து முட்டும். அன்று புது நோட்டு. வீட்டில் 31 நோட்டுகள் இருக்கின்றன. போன மாதம் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தபோதுதான் கவனித்தேன்: சாக்குக் கோடுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. முடிந்த வேலை எது, முடியாத வேலை எது என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. அத்தனையும் மறுபடி பாக்கி நிற்பது போல இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்தது. அப்பா வார்டு மெம்பராக இருந்தது இரண்டே தவணை, மொத்தம் பத்து வருடம். 1986-ல் ஜெயித்தார், 1996-ல் தோற்றார், 2001-ல் மறுபடி ஜெயித்தார். 1986-க்கு முன்னால் அவர் நிற்காததற்குக் காரணம் தேர்தலே இல்லாததுதான்; 1970-க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தல் நடக்கப் பதினாறு வருடம் ஆயிற்று. 1991-லிருந்து 1996 வரையும் மெம்பர் கிடையாது, தலைவர் கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. நோட்டுகளின் பின்பக்கம் தடித்துக் கிடப்பது அந்த ஐந்து வருடத்தில்தான். மெம்பராக இருந்தபோது கூட்டத்தில் சொல்லிவிடுவார், தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடும். பதவி இல்லாதபோது எல்லாவற்றையும் எழுத வேண்டியிருந்தது. ஊர் அவரை ஒருமுறை ‘மெம்பர்’ என்று கூப்பிடத் தொடங்கியதோடு சரி; பிறகு தேர்தல் முடிவு எதுவானாலும் அந்தப் பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன்.

ஏழு மணிக்குக் கடையைப் பூட்டினால் ஏழே காலுக்கு வீட்டில் இருப்பார். மனுவோடு வருகிறவர்கள் வீட்டுக்கும் வரலாம். ஆனால் நாங்கள் சாப்பிட்டு எழும்வரை திண்ணையில் காத்திருக்க வேண்டும். இது அம்மாவின் சட்டம். வட்டாட்சியரே வந்தாலும் இதுதான் என்பாள். (வந்ததில்லை.) சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு வேலை. அண்ணன் காஜா எடுப்பான், நான் பட்டன் வைப்பேன், அம்மா கைத்தையல் போடுவாள். அப்பா மனு எழுதுவார். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். “கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்பதை எடுங்கள். பிச்சையா கேட்கிறோம்?” என்பாள் அம்மா. எடுத்துவிடுவார். அப்பா எழுதிய மனுக்களில் எங்கும் கும்பிடு கிடையாது. அதை அவருடைய தன்மானம் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் புகழ்ந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். காலை பஸ்ஸில் போவார், மதியத்துக்குமேல் திரும்பிக் கடையைத் திறப்பார். அன்று எங்களுக்கு ரசவடை வரும். வாழையிலையில் மடித்துக் காகிதம் சுற்றியிருக்கும். நாலு பேருக்கு நாலு. மனு கொடுத்த விஷயம் காயா பழமா என்று கேட்பதற்குமுன் பொட்டலம் கைமாறிவிடும். பெரியவளான பிறகு ஒருநாள் கேட்டேன், அவ்வளவு அலைச்சலில் எப்படி ஒருவாரம்கூட மறக்கவில்லை என்று. “வெறும் கையோடு வந்தால் அடுத்த திங்கட்கிழமை உன் அம்மா விடமாட்டாள், மக்களே” என்றார்.

எங்கள் குடும்பம் உல்லாசப் பயணம் என்று போனது ஒரே ஒரு தடவை. திற்பரப்பு அருவி என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். புளிச்சோறும், மரச்சீனி அவித்ததும், மீன் வறுத்ததும் தூக்குவாளியில். பஸ்ஸை விட்டு இறங்கினால் பேச்சிப்பாறை அணை! எங்கள் ஊர் இருப்பது சானலின் கடைவரம்பில். தண்ணீர் அங்கிருந்துதான் வந்து சேர வேண்டும். தினமும் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் அணை நீர்மட்டத்தைத்தான் அப்பா பார்ப்பார். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது எங்களுக்கு வாய்ப்பாட்டோடு சேர்ந்து மனப்பாடம் ஆன கணக்கு. அந்த அளவை நாள்காட்டித் தாளில் குறித்து வைத்தால், ஜூன் மாதம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறந்துவிடுகிற தண்ணீர் நம்மிடம் வருமா, நடுவழியிலேயே தீர்ந்துவிடுமா என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. பாதிக்குப் பாதி பலிக்கும்.

அணையின் ஷட்டர் ஒவ்வொன்றையும் எங்களுக்குக் காட்டினார். கோதையாற்றின் குறுக்கே 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள், ராஜா மூலம் திருநாள் என்றார். கட்டிய இன்ஜினியர் மிஞ்சினின் கல்லறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, “வேலை பார்த்த இடத்திலேயே படுத்துவிட்டார்” என்றார். அண்ணனுக்குப் பசி. அம்மா தூக்குவாளியைக் கல்லறைக்குப் பக்கத்திலேயே திறந்துவிட்டாள். திற்பரப்பு போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அருவியில் பத்து நிமிடம் நனைந்தோம். ஊர் வேலைக்கு வீட்டை விட்டுப்போகிற மனிதர் இப்படியா செய்வார்? அவர் வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போனவர். அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததுண்டு. மறந்துபோனார் என்ற வருத்தம் மட்டும் இருந்ததில்லை.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கூட்டத்தில் மூன்று பேர் பேசினார்கள். உடையவிருந்த குளத்தங்கரையை அப்பா தனியாளாக நின்று காத்தார் என்று ஒருவர் சொன்னார். அந்த இரவு எனக்குப் பதினாலு வயது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மறுகால் பாய்ந்தும் குளம் அடங்கவில்லை. பாசனசபைக்காரர்கள் இரண்டு பேர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கிழக்குக் கரையில் பனைமரத்தடியில் வெடிப்பு விட்டிருக்கிறது, மணல் மூட்டை வேண்டும் என்றார்கள். யூரியா சாக்கு, சிமெண்டு சாக்கு, கருப்பட்டிச் சாக்கு என்று வீடு வீடாக வாங்கி வந்து எங்கள் முற்றத்தில் கொட்டினார்கள். வாயைக் கயிற்றால் கட்டிப் போடலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்பா கூடாது என்றார். கட்டிய சாக்கு குடம் மாதிரி நிற்கும், உருளும். முக்கால்வாசி மண் போட்டு வாயைத் தைத்த சாக்குதான் செங்கல் மாதிரிப் படுக்கும், ஒன்றின்மேல் ஒன்று கடித்து உட்காரும் என்றார். தையல்காரருக்கு அல்லாமல் வேறு யாருக்கு அது தோன்றும்?

வீட்டில் இரண்டு கோணி ஊசிகள்தான். கரண்டு போய்விட்டது. நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்தேன். அண்ணனும் பக்கத்து வீட்டு ஆட்களும் மண் வாரிப் போட்டார்கள். அப்பாவும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தார்கள். ஈரச் சாக்கில் ஊசி இறங்காது. அம்மா ஊசியின் பின்முனையைத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் அழுத்தித் தள்ளினாள். நனைந்த சணல் நூல் விரலை அறுக்கும். நடுச்சாமத்துக்கு மேல் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. திண்ணையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எத்தனை போயிற்று என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி நாற்பது சாக்கைத் தைத்தது அம்மா. ஒற்றை ஆளாக.

கிழக்குக் கரை நின்றது. மேற்கே ஒரு மடை பிய்த்துக்கொண்டு போய்ப் பத்துப் பன்னிரண்டு வயலில் மண் மூடியது; அதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. விடிந்ததும் அப்பா முதலில் செய்தது அம்மாவின் இரண்டு கைகளையும் வெந்நீரில் முக்கி, தேங்காய் எண்ணெய் தடவி, வெட்டுத்துணியில் விரல் விரலாகக் கட்டுப் போட்டது. அதற்குப் பிறகுதான் கரையைப் பார்க்கப் போனார்.

அவரை முழுக்கச் சுத்தமான மனிதராகக் காட்டுவது என் நோக்கமல்ல. விளக்கு விவகாரம் இருக்கிறது.

1986 தேர்தலில் ஜெயித்த மறுவருடம் வார்டுக்கு எட்டு தெருவிளக்குகள் ஒதுக்கினார்கள். அதில் முதல் விளக்கு எங்கள் முடுக்கில் எரிந்தது. அப்போது நான் ராஜாக்கமங்கலம் சாலையில் ஓர் ஆசிரியர் வீட்டுக்குக் கணக்கு டியூஷன் போய்க்கொண்டிருந்தேன். திரும்பும்போது இருட்டிவிடும். முடுக்கின் இரண்டு பக்கமும் தாழம்புதர். பாம்பு இருக்கும், சில நாள் பாம்பைவிட மோசமானவர்களும் நிற்பார்கள். கீழத்தெருவில் அதைவிட நீளமான இருட்டு இருந்தது, அங்கே வீடுகளும் அதிகம். அவர்களுக்கு விளக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

அதை ஊர் மறக்கவில்லை. 1996-ல் பேச்சு இதுதான்: முதல் விளக்கு சொந்த வாசலுக்கு. இருபத்து மூன்று ஓட்டில் தோற்றார். அன்று இரவு சாப்பிடும்போது, “இருபத்து மூன்று பேருக்கு அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியிருக்கிறது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “என் மகள் வருகிற வழியை இருட்டில் போட்டுவிட்டு ஊருக்கு வெளிச்சம் கொண்டுவர எனக்குத் தெரியாது” என்றார்.

விளக்கு வந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு வரி: ‘முடுக்கு, வீடு 7, பெண்பிள்ளைகள் 5.’ கீழத்தெருவுக்கும் அப்படி ஒரு கணக்கு எழுதியிருக்கிறாரா என்று அந்த நோட்டு முழுக்கத் தேடினேன். இல்லை. தோற்கடித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. அந்த வெளிச்சத்தில் பத்திரமாக நடந்து வந்தவள் நான் என்பதால் அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, அவ்வளவுதான். ஆனால் வீட்டை மறந்தவர் என்று ஃபிளெக்ஸ் அடித்த கமிட்டியில், அன்று ‘சொந்த வாசல்’ என்று வீடு வீடாகச் சொன்னவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

2004 டிசம்பர் 26 பற்றி அதிகம் எழுத என்னால் ஆகாது. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிறு. நான் கல்யாணமாகி நாகர்கோவிலில் இருந்தேன். மணக்குடியில் கடல் உள்ளே வந்துவிட்டது, மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தைக் காணவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். அப்பா எங்கே என்றேன். கடையைத் திறக்கப் போயிருக்கிறார் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கா கடை?

பள்ளிச் சீருடைக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணிச் சுருள்களை எடுக்கப் போயிருக்கிறார். அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார். அங்கே நாள் முழுக்க என்ன வெட்டினார் என்பதை வீட்டில் சொன்னதில்லை. அளவு நோட்டின் முன்பக்கத்தில் அன்றைய தேதியில் நீளங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. தோள், கை, கழுத்து எதுவும் இல்லை. பெயரும் இல்லை. சில நீளங்கள் மிகவும் குறைவு.

அடுத்த சில மாதங்களில் அதே நோட்டில் முழு அளவுகள் வருகின்றன. தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்த பிள்ளைகளுக்குத் தைத்த சீருடைகள். கூலி என்ற இடத்தில் கோடு. காஜாவும் பட்டனும் அம்மா. எங்கள் வீட்டில் அந்த வருடம் ஓணத்துக்கோ தீபாவளிக்கோ யாருக்கும் புதுத்துணி இல்லை. அதற்கு அம்மா முணுமுணுக்கவில்லை என்பது அபூர்வம், எனவே குறித்து வைக்கிறேன்.

2006-ல் சுழற்சியில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடாயிற்று. நாலு பேர் வந்து, “அண்ணாச்சி, அக்காளை நிறுத்துங்கள், பெயருக்குத்தானே, வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். பல ஊராட்சிகளில் அன்றைக்கு அதுதான் நடைமுறை. மனைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். “நிற்கிறேன். ஜெயித்தால் நான்தான் போவேன். இவர் சோறு வடிக்கட்டும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தாள். அப்பா ஒருபோதும் பார்க்காத வித்தியாசம் அது. முதல் கூட்டத்துக்கு அப்பாவும் கூடவே போய் உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார். “வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை” என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். முகம் சுருங்கித்தான் போனதாம். பிறகு வழக்கமாகிவிட்டது: கூட்டம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில், அம்மாவின் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் ‘பழைய மெம்பர்’ என்று கேலி செய்தால் ‘ஆமாம், புதியவர் உள்ளே இருக்கிறார்’ என்பார். சோறும் வடித்தார். ஒரு மாதத்துக்குக் குழைந்தது, பிறகு சரியாயிற்று.

அம்மா மெம்பரான முதல் வருடத்திலேயே குளத்தில் பெண்கள் குளிக்கும் படித்துறைக்கு ஒரு மறைப்புச் சுவர் எழும்பியது. சாலை அதன் பக்கமாகத்தான் போகிறது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். எங்கள் அம்மா, பாட்டி, நான், ஊர்ப் பெண்கள் எல்லாரும் அத்தனை வருடமும் பஸ் சத்தம் கேட்டதும் தண்ணீருக்குள் கழுத்தளவு இறங்கிக்கொண்டோம். 31 நோட்டுகளிலும் அந்தப் படித்துறையைப் பற்றி அப்பா எழுதிய ஒரு வரிகூட இல்லை. குளத்து மடையைப் பற்றி மட்டும் இருநூறு வரி இருக்கும். சுவர் கட்டி முடிந்த அன்று அவர் அங்கே போய் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு வந்து, “இது எனக்கு ஏன் தெரியவில்லை?” என்றார். “நீங்கள் எந்தப் பக்கம் குளித்தீர்கள்?” என்றாள் அம்மா.

2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. மிஷினில் உட்கார முடியாது, கண்ணும் மங்கல். மரமும் கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் மாவட்டமே கிடந்தது. ஊராட்சியிலும் மெம்பர் என்று எவரும் இல்லை. 2016-க்குப் பிறகு மறுபடியும் தனி அலுவலர் காலம். அப்பா கைத்தடியோடு கிளம்பித் தெருத்தெருவாகப் போய், சாய்ந்த கம்பங்களின் எண்களைக் குறித்துவந்தார். எண் எழுதிய பக்கம் அடியில் போயிருந்தால், கூட வந்த பையன்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மின்வாரிய ஆட்கள் வந்தபோது அந்தத் தாள் வேலைக்கு ஆயிற்று. அதுதான் கடைசிப் பெரிய பட்டியல். அதற்குப் பிறகு நோட்டின் பின்பக்கத்தில் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது, வரிகள் குறைந்துகொண்டே போகின்றன. முன்பக்கத்தில் கடைசி அளவு என் மகனுடைய பள்ளி டவுசர். இடுப்பு 24.

முதல் வருடத் திதிக்காக இப்போது ஊரில் இருக்கிறேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. வந்த அன்று இரவே பார்த்தேன், முடுக்கு விளக்கு எரியவில்லை. தாழம்புதர் போய் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் வந்துவிட்டது, ஆனால் இருட்டு பழைய இருட்டுதான். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஐந்து நாளாம்.

“சொல்லவில்லையா?”

“நீ வருவாய் என்று விட்டுவைத்திருந்தேன்” என்றாள்.

காலையில் ஊராட்சிக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் கம்ப எண் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அம்மா அலமாரியிலிருந்து முப்பத்தொன்றாம் நோட்டை எடுத்து வந்து தலைகீழாகத் திருப்பி நீட்டினாள். எண் இருந்தது. சொன்னேன். நாளைக்கு ஆள் வரும் என்றான்.

அந்த நோட்டில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இன்னும் நாற்பது தாள் வெறுமையாக இருக்கிறது. பேனாவை எடுத்து, முடுக்குக் கம்பம், எரியவில்லை, சொன்னேன் என்று எழுதி மூடி வைத்தேன்.

“எழுதினாயா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“எழுதிவிட்டேன் அம்மா.”

“தேதி?”

போடவில்லை. மறுபடி நோட்டை எடுத்தேன்.